வாய் கொப்பளித்த குரல்கள்

எனக்கு வயசு எழுபத்து மூன்று. வளர்த்தது ஏழு பிள்ளைகள். மூன்று நான் பெத்தது, நாலு என் தங்கச்சி பெத்து விட்டுவிட்டுப் போனது. ஏழு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தபோது நான் தொட்டில் ஆட்டின பிள்ளைகள் இதில் சேர்த்தி இல்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். என் எழுத்து ஒவ்வொன்றும் கொய்யாக்காய் அளவு இருக்கும். ஒரு பக்கத்தில் எட்டு வரிக்கு மேல் பிடிக்காது. ஆனாலும் இதை நான்தான் எழுதுகிறேன். பேத்தி தர்சினி அதைப் பார்த்து நல்ல கொப்பியில் எழுதுகிறாள். அவள் போனில் பேசினால் போனே எழுதிக் கொடுத்துவிடும். "அம்மாயி, சும்மா பேசுங்க, அது எழுதும். எதுக்குக் கை நோக எழுதுறீங்க?" என்று கேட்டாள். அது எழுதும் என்று எனக்குத் தெரியும். எப்படி எழுதப் பழகினது என்றும் கொஞ்சம் தெரியும். அந்த வேலையில்தான் ஆறு வருசம் சம்பளம் வாங்கினேன்.

எழுதச் சொன்னது மதுரா. அப்போது ஆபீஸில் எல்லாரையும்விடச் சின்னப் பிள்ளை, இன்றைக்குப் பத்துப் பேருக்குப் பெரியவள். போன மாதம் போன் எடுத்தாள். "இப்ப வர்ற புள்ளைங்க யாரும் குரலைக் கையால வெட்டினதில்ல அம்மா. மெசினே எல்லாத்தையும் தானாப் படிச்சுக்குது. நாம எப்படிச் செஞ்சோம்னு எழுதித் தாங்க, சின்னதா ஒரு புத்தகம் போடுறோம்" என்றாள். பெருமையான கதை வரும் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பாள். பெருமையும் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே. மாத்தளை டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடையின் மேல்மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. அவர்கள் செய்ய நினைத்தது இதுதான். தோட்டத்தில் யாருக்காவது திடீரென்று முடியாமல் போனால் ஒரு நம்பருக்குப் போன் பண்ணிப் பேச வேண்டும். மறுபக்கம் மனுசன் இல்லை, மெசின். அது எந்தத் தோட்டம், எந்த லயத்து வரிசை வீடு, உடம்புக்கு என்ன வருத்தம் என்று பிடித்துக்கொண்டு, இரத்தோட்டையில் நிற்கும் வேனுக்குச் செய்தி அனுப்பும். அதற்கு முதலில் மெசினுக்கு எங்கள் பேச்சு பழக வேண்டும். ரேடியோவில் வாசிக்கும் தமிழ் அல்ல, நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டே பேசுகிற தமிழ்.

அந்த ஆபீஸுக்குப் பெரியவர் சிவநேசன் சேர். யாழ்ப்பாணத்து ஆள். மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி. முதல் நாள் அவர் எங்கள் லயத்துக்கு வந்தபோது ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மைக்கைப் பார்த்ததும் முந்தானைக்குள் போய்விட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியிடமும் அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். பிறகு அவர்கள் பேச்சை நிறுத்தத்தான் சேர் கஷ்டப்பட்டார்.

எடுத்த குரலைப் போட்டுக் காட்டும்போது சொன்னேன்: "இந்த ரெண்டாவது ஆளு பேசுறப்ப பின்னால ஒரு புள்ள மூக்கடைச்சு அழுவுது சேர். அது செல்வத்தோட கடைசிப் புள்ள."

"எனக்குக் கேக்கேல்லயே," என்றார். "இன்னொருக்காக் கேப்பம்."

மூன்றாம் தரம்தான் அவருக்குக் கேட்டது. அடுத்த கிழமையே என்னை வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். பிள்ளைக் காம்பராவில் முப்பது பிள்ளை ஒரே நேரத்தில் அழும். எது பசி, எது ஈரம், எது காய்ச்சல் என்று காதுதான் பிரிக்க வேண்டும். அந்தக் காதை வைத்துக்கொண்டு அறுபது வயசுக்குக் கிட்ட நான் ஆபீஸ் வேலைக்குப் போனேன். காலையில் கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் பார்க்க, கைப்பையோடு பஸ் ஏறினேன்.

பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும் என்பதால், சேர் கீபோர்டில் நிற ஒட்டுத்தாள் ஒட்டித் தந்தார். பச்சை அமுக்கினால் பேச்சு. மஞ்சள் என்றால் மூச்சு, இருமல், செருமல். நீலம், யாரும் பேசாத அமைதி. சிவப்பு, கழிவு. திரையில் குரல் அலை அலையாக ஓடும். பேச்சு எங்கே துவங்குது, எங்கே முடியுது என்று கோடு போட்டு நிறம் குடுக்க வேண்டும். ரெண்டு கிழமையில் பிடித்துக்கொண்டேன். ஆபீஸில் படித்த பிள்ளைகள் கோடு போட்டதை நான் திருத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சேர் குரலை எப்படிப் பிரிக்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். படிக்காதவளுக்கு எதுக்கு என்று அவர் நினைக்கவில்லை. ஹெட்போனை ரெண்டு கையாலும் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, காது படுகிற இடத்தைத் துடைத்து, பிறகுதான் என்னிடம் நீட்டினார். ஆறு வருசமும் துடைக்காமல் அவர் என்னிடம் அதைத் தந்ததில்லை. எனக்கு ஒரு சாமானைத் துடைத்துத் தந்த ஆம்பிளை அவருக்கு முன்னால் யாருமில்லை.

அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி சொல்கிறேன். மெசின் குரலை முழுசாக விழுங்காது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டும். ஒரு விநாடியில் நூறு துண்டு. லயத்துக் கூரையில் தகரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி, ஒரு துண்டின் ஓரம் அடுத்த துண்டின் மேல் ஏறி நிற்கும். இல்லாவிட்டால் இடுக்கில் விழுகிற சத்தம் ஒழுகிப் போகும். பிறகு ஒவ்வொரு துண்டையும் சல்லடையில் விடும். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தூளைத் தரம் பிரிக்கிற மாதிரியேதான். கீழ்க் குரலுக்கு நெருக்கமான சல்லடை, மேல் குரலுக்கு அகலமான சல்லடை, மனுசன் காதும் அப்படித்தான் கேட்கிறதாம். கடைசியில் ஒவ்வொரு துண்டுக்கும் பதிமூன்று இலக்கம் மிஞ்சும். அந்த இலக்கம் துண்டுக்குத் துண்டு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளும். மெசினுக்கு முனியம்மா, லெச்சுமி என்று ஆள் கிடையாது. அந்த இலக்கம்தான் ஆள்.

"அப்ப கோவம், அழுகையெல்லாம் எங்க போகும் சேர்?"

"அதெல்லாம் சல்லடையில நிக்காது, அம்மா," என்று சிரித்தார். "எங்களுக்குச் சொல்லு மட்டும் போதும்."

குரல் எடுக்கப் போகும்போது ஒரு முறை இருந்தது. நல்ல மைக் ஒன்று, பழைய போன் ஒன்று, ரெண்டிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். போன் குரலின் மேலையும் கீழையும் அறுத்துவிடும். அறுத்த குரலைத்தான் மெசின் கேட்கப்போகிறது. பேசுவதற்கு முன்னால் ரெண்டு விநாடி எல்லாரும் சும்மா இருக்க வேண்டும். இடத்தின் சத்தத்தை மெசின் தெரிந்துகொள்ள அது. எங்கள் ஆட்களுக்கு அந்த ரெண்டு விநாடிதான் முடியாத காரியம். ஒருத்தி, "என்னா, செத்தவங்களுக்கா நிக்கிறோம்?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நாற்பது வசனம். நான் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்பதையும் நான் மனப்பாடம் பண்ணியிருந்தேன், தாளைப் பார்த்ததில்லை.

சேர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "ஆக்கள் எப்பிடிக் கதைக்கினமோ அப்பிடியே எடுங்கோ. நாய் குலைச்சாக் குலைக்கட்டும். ஒண்டையும் திருத்தாதையுங்கோ." நான் தலையாட்டினேன்.

அதை நான் மீறினதற்கு ஒரு நாள் காரணம். முதலில் எடுத்த குரல்களை ஆபீஸில் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்கள். கொழும்பிலிருந்து ரெண்டு பேர் வந்திருந்தார்கள். எங்கள் லயத்து ஒருத்தி வெத்தலையை ஒதுக்கிக்கொண்டு, எச்சிலை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினாள். அந்த உறிஞ்சல் ஸ்பீக்கரில் குழாய் தண்ணி மாதிரிக் கேட்டது. வந்தவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். மதுரா சிரித்துவிட்டாள். "வாயில சோத்த வச்சுக்கிட்டா பேசுறாங்க?" என்றாள். வந்தவர்களும் சிரித்தார்கள். மதுரா சின்னப் பிள்ளை, கெட்ட எண்ணம் இல்லை. இன்றைக்கு அவளுக்கு அது ஞாபகமே இருக்காது. சேர் சிரிக்கவில்லை. ஆனால் நான் சேரைப் பார்க்கவில்லை, சிரித்தவர்களைத்தான் பார்த்தேன்.

நான் வெத்தலை போட்டதில்லை. என் அம்மா போட்டார், மாமியார் போட்டார், நான் தொட்டதில்லை. பல்லு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு திமிர். எங்கள் ஆட்களின் குரல் யார் முன்னாலும் சிரிப்பாகக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அடுத்த நாளிலிருந்து என் பையில் ஒரு சொம்பு இருந்தது. பேச வருகிறவர்களிடம் அதைக் கொடுத்து, முதலில் மலைத் தண்ணி விழுகிற பீலிக்கு அனுப்பினேன். வெத்தலையைத் துப்பி, வாயை நல்லாக் கொப்பளித்து, முகம் கழுவிக்கொண்டு வர வேண்டும். நாயைத் துரத்திவிட்டேன். ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். விருந்தாளி வருகிற வீடு மாதிரி குரலைக் கூட்டித் துடைத்துத்தான் டவுனுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் குரல் எடுத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும்.

"உங்கட ரெக்கோடிங் எல்லாம் நல்ல துப்பரவு," என்றார் சேர் ஒரு தரம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

கொப்பளிக்க மாட்டேன் என்று சொன்னது ஒரே ஒரு ஆள்தான். முனியம்மா அக்கா. என்னைவிட மூன்று வயசு மூத்தவர். அடுத்த லயம். என் தங்கச்சி போனபோது அந்த நாலு பிள்ளைகளுக்கும் முதல் ராத்திரிச் சோறு கொண்டுவந்தது அவர்தான். மலையில் அவர் ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் கேட்கும்.

"அக்கா, பீலிக்குப் போயி வாயைக் கொப்பளிச்சுட்டு வந்துருங்க," என்றேன்.

"எதுக்கு?"

"ரெக்கோட் பண்ணணும்."

"பேசத்தானே கூப்பிட்ட? பூசை வைக்கவா கூப்பிட்ட, வாயைக் கழுவிட்டு வர?"

சுத்தி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எல்லாரும் கொப்பளிச்சுட்டுத்தான் பேசுனாங்க அக்கா."

"அவளுக கொப்பளிப்பாளுக. கல்யாணம் கட்டுன நாள்லருந்து தூங்குற நேரம் மட்டுந்தான் என் வாயில வெத்தல இல்ல. அதைத் துப்பிட்டுப் பேசுனா அது என் குரலே இல்ல லெச்சுமி. எங்க வீட்டு மனுசனுக்கே ஆளு தெரியாது."

அவர் புருசன் சுப்பையா அண்ணன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "தெரியும், தெரியும். கொப்பளிச்சாலும் வையிறது அதே மாதிரித்தான் வையும்."

அக்கா வெத்தலையை இடது கன்னத்துக்கு ஒதுக்கி, வழியாமல் இருக்கத் தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, நாற்பது வசனத்தையும் பேசினார். ஒன்றையும் தப்பாகச் சொல்லவில்லை. முடிந்ததும், "இப்ப உன் மெசினுக்கு வெத்தல வாடை அடிக்கும் பாரு," என்றார்.

ஆபீஸில் அந்தக் குரலைப் போட்டேன். உறிஞ்சல் கேட்டது. அன்றைக்கு ஸ்பீக்கர் முன்னால் அவர்கள் சிரித்த சத்தமும் என் காதுக்குள் திரும்பக் கேட்டது. சிவப்பை அமுக்கினேன். ஒன்று, ரெண்டு என்று நாற்பதும் சிவப்பு.

சிவப்புப் போட்டதை ரெண்டாவது ஆள் ஒருவர் கேட்க வேண்டும் என்பது முறை. அன்றைக்கு மதுரா வரவில்லை. சேரே வந்து பார்த்தார்.

"இந்த அம்மா முழுக்கச் சிவப்பாக் கிடக்கு. நாப்பதும்."

"தகரத்துல மழை சேர். ஒன்னும் தேறாது."

மழை பெய்யவில்லை. நல்ல வெயில். அவர் ஹெட்போனை எடுக்கக் கை நீட்டினார். பிறகு கையை மடக்கிக்கொண்டார்.

"உங்கட காது சொன்னாச் சரி," என்று சொல்லி, தாளில் கையெழுத்து வைத்தார்.

என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அந்த ஒரு வார்த்தை. அதை நான் பொய் சொல்லி வாங்கினேன்.

அந்த நம்பர் வேலை செய்யத் துவங்கினபோது தோட்டமே பேசிப் பார்த்தது. சும்மா கூப்பிடக் கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. வேன் உண்மையிலேயே வந்தது. பிரசவத்துக்கு ஒன்று, குளவி கொட்டினதுக்கு ஒன்று. குளவி கொட்டின பிள்ளை இப்போது டவுனில் கடையில் நிற்கிறான், என்னைக் கண்டால் எழும்பி நிற்பான். பஸ்ஸில் எனக்கு இடம் விட்டுக் கொடுத்தார்கள். "மெசின் ஆயா" என்று பேர் வந்தது. நான் அந்தப் பேரைக் கேட்டுக் கோபப்படுகிற மாதிரி நடித்தேன்.

கொஞ்ச மாதம் போய் ஒரு வெள்ளிக்கிழமை, சுப்பையா அண்ணன் விழுந்துவிட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்தபோது சொன்னார்கள். மத்தியானம் பீலிக்கரையில் விழுந்தாராம். எல்லாரும் மலையில். அக்கா ரோட்டுக்கு ஓடிவந்து, ஆட்டோ ஒன்றைத் தேடிப் பிடித்துத் திரும்ப ஏறிவந்து கூட்டிப்போக வெகுநேரம் ஆகிவிட்டதாம். ஒரு பக்கம் கை கால் வரவில்லை, பேச்சும் இல்லை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். வாயில் வெத்தலை இல்லை. அந்த வாயை நான் அப்படிப் பார்த்ததில்லை, சுருங்கி இருந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எங்க நம்பருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே அக்கா. அஞ்சு நிமிசத்துல வேன் கெளம்பியிருக்கும்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஆரஞ்சுப் பழத்தை வாங்கி மேசையில் வைத்தார். அதிர்ச்சியில் மறந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில், மெசின் தள்ளிவிட்ட அழைப்புகளைக் கேட்பது என் வேலை. முக்கால்வாசி பிள்ளைகள் விளையாடினது, குடித்தவர்கள் பாடினது. அன்றைக்கு ஒன்பது கிடந்தது. ஏழாவதைப் போட்டேன்.

முதலில் காற்று. மேட்டில் ஏறினவர் இழுக்கிற மூச்சு. எங்கள் லயத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால்தான் போனுக்குச் சிக்னல் கோடு விழும். பிறகு குரல். முதல் சொல்லு முடிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கன்னத்தில் வெத்தலை. அண்ணாந்த தலை. தோட்டத்துப் பேர், லயத்து நம்பர், மனுசன் விழுந்து கிடக்குது, வாய் ஒரு பக்கமா இழுக்குது. ஒன்று விடாமல், வரிசையாக, நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னார்.

மெசினுக்காகப் பேசின பிள்ளையின் குரல் பதில் சொன்னது: "உங்கள் குரல் கேட்கவில்லை. தயவுசெய்து மீண்டும் சொல்லுங்கள்."

அக்கா ரெண்டாம் தரம் சொன்னார். இந்தத் தரம் சத்தமாக. மலையின் மறுபக்கம் கேட்கிற குரல்.

"உங்கள் குரல் கேட்கவில்லை. தயவுசெய்து மீண்டும் சொல்லுங்கள்."

பிறகு பேச்சில்லை. காற்று மட்டும். நான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கோடு படுத்துக் கிடந்தது. அதில் ஒரு சின்ன மேடு வந்தது. துப்பின சத்தம். திரும்ப ஒரு தரம் துப்பினார். துணி போனில் உரசினது. முந்தானையால் வாயைத் துடைத்திருக்கிறார். அப்புறம் நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது, மெலிசாக, கொப்பளித்த குரல்.

"லெச்சுமி சொன்ன மாதிரி துப்பிட்டேன். இப்பக் கேளு. எங்க மனுச..."

அதோடு அறுந்துவிட்டது. அவர் துப்பித் துடைத்த நேரத்தை மெசின் அமைதி என்று எடுத்துக்கொண்டது. மூன்று தரமும் முடிந்தது என்று தொடர்பை வெட்டிவிட்டது.

அதை எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது. பிறகு ஹெட்போனைக் கழற்றி, என் முந்தானையால் துடைத்து, சேரிடம் கொண்டுபோய் நீட்டினேன். நான் அவருக்குத் துடைத்துக் கொடுத்தது அந்த ஒரு தரம்தான்.

அவர் கேட்டார். "இன்னொருக்காக் கேப்பம்," என்று சொல்லவில்லை.

"அன்னைக்கு மழை பெய்யல சேர்," என்றேன். சொம்பு, பீலி, வெத்தலை எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

சேர் ஹெட்போனைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"சிவப்பு போட்டதை நாங்கள் வீசுறேல்ல, அம்மா. மெசினுக்கு இது பேச்சு எண்டு காட்டுற மாதிரி, இது பேச்சில்ல எண்டும் காட்டோணும். மழை, நாய், தகரம் எல்லாத்தையும் சேத்து ஒரு பாடமாப் படிப்பிச்சனாங்கள். இப்பிடி ஒண்டு வந்தாத் தள்ளு எண்டு. அந்த நாப்பது வசனமும் அதுக்குள்ளதான் கிடக்குது."

எனக்கு விளங்கக் கொஞ்சம் நேரமானது. முனியம்மா அக்காவின் குரல் மெசினுக்குத் தெரியாமல் இல்லை. நல்லாத் தெரியும். மழை என்று தெரியும், தகரம் என்று தெரியும். அப்படித் தெரிய வைத்தது நான். சத்தமாகப் பேசப் பேச அது இன்னும் உறுதியாகத் தள்ளியிருக்கும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று சேர் கேட்டார்.

"சிரிச்சாங்க சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் அண்டைக்கு ஹெட்போனைப் போட்டுக் கேட்டிருக்கோணும்," என்றார். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று பையை எடுத்து வைத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. "இனி வெத்தலை போட்ட ஆக்களிட்டப் போய் எடுங்கோ. பல்லில்லாத ஆக்கள், இருமுற ஆக்கள். மழைக்குள்ள எடுங்கோ. நீங்கள்தான் எடுக்கோணும்."

எடுத்தேன். மெசினைத் திரும்ப முதலிலிருந்து படிப்பித்தார்கள். அதற்குப் பிறகு வெத்தலை வாய்க்காரர் கூப்பிட்டாலும் வேன் வந்தது. அது எங்கள் வேலையின் பெருமை. அதையும் மறைக்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் முனியம்மா அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சுப்பையா அண்ணனை அப்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இஸ்தோப்பில் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் வாய் அசைந்தது, சத்தம் வந்தது, சொல்லு வரவில்லை. பச்சையும் இல்லாத, சிவப்பும் இல்லாத ஒரு சத்தம்.

நான் வாசலில் நின்றேன். அக்கா வெத்தலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லணும்."

அவர் ஒரு வெத்தலையை எடுத்துத் தொடையில் தேய்த்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். பாக்கு வைத்து, கொஞ்சம் புகையிலையும் வைத்து மடித்தார். அவர் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் நீட்டினார்.

"போட்டுக்கிட்டுச் சொல்லு."

"எனக்குப் பழக்கமில்லையே அக்கா."

"தெரியும். போட்டுக்கிட்டுச் சொல்லு."

போட்டுக்கொண்டேன். காரம் மூக்கில் ஏறினது, தலை சுத்தினது. எச்சில் ஊறி வாய் நிறைந்தது. துப்ப இடம் காட்டவில்லை அவர். வழியாமல் இருக்கத் தலையை அண்ணாந்துகொண்டு, உறிஞ்சி உறிஞ்சி, எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பை, மழை என்று சொன்ன பொய்யை, ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வியை. சீலையில் வழிந்தது. சுப்பையா அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் முடித்ததும் அக்கா வெத்தலைத் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"எனக்கு ஒரு சொல்லு விடாம விளங்குது," என்றார் கடைசியில். "உன் மெசினுக்குத்தான் விளங்கல."

கொஞ்சம் கழித்து, "அந்த நாப்பதும் இன்னும் அங்க கெடக்குதா?" என்று கேட்டார்.

"கெடக்குது. சேர் அதைப் பச்சைக்கு மாத்துறேன்னு சொல்றாரு. உங்க குரல் மாதிரி வேற குரல் கெடைக்காதாம்."

"வேணாம். பச்சையும் வேணாம், செவப்பும் வேணாம். அழிச்சிரச் சொல்லு."

சேர் அழித்துவிட்டார். என் முன்னாலேயே அழித்தார், வெள்ளிக்கிழமை அழைப்பையும் சேர்த்து. அப்படி ஒரு தெளிந்த வெத்தலைக் குரல் எங்களுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. வேன் முந்தி வந்திருந்தால் சுப்பையா அண்ணனுக்குப் பேச்சு திரும்பியிருக்குமா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவர் நாலு வருசம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த நாலு வருசமும் அக்கா அவரை வைகிற சத்தம் எங்கள் லயத்துக்குக் கேட்கும். அவர் திருப்பிச் சொல்கிற பதில்தான் கேட்காது.

அக்கா இப்போது பல்லேபொலவில் மகள் வீட்டில் இருக்கிறார். கோயில் தேருக்கு டவுனுக்கு வருவார். என்னைக் கண்டால், "மெசின் சௌக்கியமா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நான் தலையாட்டுவேன். பக்கத்தில் போய் நிற்க இன்னும் கால் வரவில்லை. சேர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். நானும் முட்டிவலி வந்து ஆறாம் வருசத்தோடு நின்றுகொண்டேன்.

மதுரா, நீ பெருமைக் கதை கேட்டாய். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படி எழுதினால் அதுவும் சொம்புத் தண்ணியில் கொப்பளித்த கதையாகத்தான் இருக்கும். உங்கள் மெசின் இப்போது தானாகப் படிக்கிறது என்கிறாய். எதைப் படிக்கக் கொடுக்கிறீர்கள், எதைத் தள்ளிவைக்கிறீர்கள் என்று ஒரு தரம் நீயே ஹெட்போனைப் போட்டுக் கேள். உன்னைவிட நல்ல காது உள்ள ஆள் ஒன்றும் தேறாது என்று சொன்னாலும் நீயே கேள்.

அவ்வளவுதான். இதுவரைக்கும் உள்ளதைத் தர்சினி எழுதி முடித்துவிட்டாள். உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட புளிப்பு வெரளிக்காயை வாயில் அதக்கிக்கொண்டுதான் இவ்வளவு நேரமும் எழுதினாள். தொடக்கத்திலிருந்து ஒருக்கா வாசித்துக் காட்டச் சொன்னேன். சரி என்று எழும்பிக் குழாயடிக்குப் போகிறாள், துப்பிவிட்டு வர.

நில்லு தர்சினி. துப்ப வேணாம். அப்படியே வாசி.